சிங்கப்பூருக்குச் சென்ற மலேசிய லீக் பட்டம்

மலேசிய சூப்பர் லீக் காற்பந்துப் பட்டத்தை ஜேடிடி எனப்படும் ஜொகூர் டாருல் தாக்சிம் குழு 2014 முதல் 2024–25 பருவம் வரை ஒருமுறைகூட விட்டுக்கொடுக்கவில்லை. தொடர்ந்து 11 பட்டங்கள்! ஜொகூரில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் இந்த வெற்றி வரிசை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 2013இல், பட்டம் யாருக்குப் போனது என்று வகுப்பு நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். சிலர் சிலாங்கூர் என்றார்கள், சிலர் கிளந்தான் என்றார்கள். மலேசிய மாணவர்களுக்கும் தெரியவில்லை, சிங்கப்பூர் மாணவர்களுக்கும் தெரியவில்லை.

அதை வென்றது சிங்கப்பூரின் குழு. பெயர் லயன்ஸ்12. அதன் பயிற்றுநர் ஒரு தமிழர், வி.சுந்தரமூர்த்தி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட அந்தப் பருவம் எப்படி அமைந்தது, அந்தக் குழு இன்று ஏன் இல்லை என்பதை நம் ஆண்டு மலர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வயதில் மூத்த முன்னாள் மாணவர்கள் பலருக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்!

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது சிங்கப்பூரில் பட்டப்படிப்பு. புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீவக வீட்டின் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். இங்கிருப்பவர்களுக்கு 170ஆம் எண் பேருந்தைத் தெரியாமல் இருக்காது. ஜொகூர் பாருவின் லார்க்கின் முனையத்தில் புறப்பட்டு, இரு நாட்டுச் சோதனைச் சாவடிகளையும் கடந்து, உட்லண்ட்ஸ் சாலை வழியாக எங்கள் புக்கிட் பாஞ்சாங்கைத் தொட்டு, புக்கிட் தீமா சாலை நெடுகச் சென்று, தேக்காவைத் தாண்டி குவீன் ஸ்திரீட்டில் நிற்கும். லார்க்கின் முனையத்துக்குப் பக்கத்தில்தான் ஜேடிடி பல ஆண்டுகள் ஆடிய லார்க்கின் அரங்கம் இருக்கிறது. தேக்காவிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம். அது லயன்ஸ்12 குழுவின் சொந்தத் திடல். இரண்டு எதிரிகளின் வீட்டையும் ஒரே பேருந்து இணைத்திருக்கிறது என்றால் பாருங்களேன். (வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பேருந்தில் ஏறியவர்கள் இதை இவ்வளவு அழகாகச் சொல்ல மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.)

இந்தச் சண்டையும் உறவும் மிகப் பழையவை. 1921இல் மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியது. அதற்கான கிண்ணத்தை 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்தவர்கள் வழங்கினார்கள். முதல் ஆண்டே இறுதி ஆட்டத்தில் சிலாங்கூரை வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது சிங்கப்பூர். பிறகு மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய அந்தக் கிண்ணத்தைச் சிங்கப்பூர் மொத்தம் 24 முறை வென்றிருக்கிறது. 1965இல் நாடு பிரிந்த பிறகும் காற்பந்து பிரியவில்லை. 1977இல் கோலாலம்பூரில் பினாங்கை 3–2 என்று வென்ற சிங்கப்பூர்க் குழுவுக்குத் தலைவர் சமது அல்லாபிச்சை. 1994இல் லீக் பட்டம், மலேசியக் கிண்ணம் இரண்டையும் ஒரே பருவத்தில் அள்ளினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி ஷா ஆலாமில் நடந்த கிண்ண இறுதி ஆட்டத்தில் பகாங்குக்கு எதிராக 4–0. அப்பாஸ் சாட் மட்டும் மூன்று கோல், ஃபாண்டி அகமது ஒன்று.

என் வீட்டுக்காரர் அன்று ஷா ஆலாமில் இருந்தவர். "சனிக்கிழமை தம்பி. காலையிலயே பஸ் ஏறிட்டோம். அப்போ துவாஸ் பாலமெல்லாம் கிடையாது. எல்லாரும் உட்லண்ட்ஸ் வழியாத்தான் போகணும். பாலத்து மேல நின்ன நேரம்தான் ஆட்டத்தைவிட அதிகம்!" என்று சொல்லிச் சிரிப்பார். திரும்பி வரும்போது மணி என்ன என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை. குரல் போய்விட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த வெற்றியோடு கதை முடிந்தது. நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பங்கிடுவதில் இரு நாட்டுச் சங்கங்களுக்கும் இடையே எழுந்த பிணக்கு தீரவில்லை. சூதாட்டக் கும்பல்கள் ஆட்ட முடிவுகளை விலைக்கு வாங்கிய விவகாரமும் அக்காலத்தில் இரு பக்கமும் நாறிக்கொண்டிருந்தது. 1995இல் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. 1996 ஏப்ரல் 14ஆம் தேதி எட்டுக் குழுக்களுடன் சொந்தமாக எஸ்.லீக் தொடங்கப்பட்டது. தரம் குறைந்தது என்று சொல்ல முடியாது. 1998இல் ஹனோயில் வியட்நாமை வென்று சிங்கப்பூர் டைகர் கிண்ணத்தைப் பெற்றபோது அந்த ஒரே கோலைப் போட்டவர் ஆர்.சசிகுமார். ஆனால் அரங்குகள் மெல்ல மெல்லக் காலியாயின. ஜூரோங்கும் உட்லண்ட்ஸும் மோதினால் யாருக்காகக் கத்துவது என்று தெரியவில்லை என்கிறார் வீட்டுக்காரர். கிளந்தானோடு மோதினால் அந்தக் குழப்பம் இல்லை.

2012இல் இரு நாட்டுச் சங்கங்களின் ஒப்பந்தப்படி சிங்கப்பூர் மீண்டும் உள்ளே வந்தது. களத்தில் பதினொரு பேர், பன்னிரண்டாவது ஆளாக ரசிகர்கள். லயன்ஸ்12 என்ற பெயரின் பொருள் அதுதான். குழுவில் பெரும்பகுதி இளையர்கள். அவர்களோடு அனுபவமுள்ள சிலர். முதல் ஆண்டிலேயே லீக்கில் கிளந்தானுக்கு அடுத்து இரண்டாம் இடம்.

இங்கே லீக்குக்கும் கிண்ணத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கிண்ணப் போட்டியில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டால், ஒரு நல்ல இரவு போதும். ஒரு பெனால்டி, ஒரு நடுவர் முடிவு, ஒரு மழை கூட வெற்றியைத் தந்துவிடும். லீக் அப்படியில்லை. 2013 சூப்பர் லீக்கில் 12 குழுக்கள். ஒவ்வொன்றும் மற்ற 11 குழுக்களையும் சொந்தத் திடலில் ஒருமுறை, எதிரியின் திடலில் ஒருமுறை சந்திக்க வேண்டும். ஆகமொத்தம் 22 ஆட்டங்கள். வென்றால் மூன்று புள்ளி, சமன் செய்தால் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. சொந்தத் திடலில் 11 ஆட்டத்தையும் வென்றாலும் 33 புள்ளிதான் வரும். பட்டத்துக்குப் பொதுவாக அது போதாது. மீதியை வெளியூரில் தேட வேண்டும். கோத்தா பாருவில் நிரம்பி வழியும் அரங்கில் பூச்சியத்துக்குப் பூச்சியம் என்று சமன் செய்து கொண்டுவரும் ஒரு புள்ளிக்கு அன்று யாரும் கைதட்ட மாட்டார்கள். ஜூலை மாதத்தில்தான் அதன் அருமை தெரியும். "லீக்குங்கிறது தினமும் வடிக்கிற சோறு தம்பி, கப்புங்கிறது தீபாவளிப் பலகாரம்" என்பது எங்கள் வீட்டுக்காரர் கணிப்பு. இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வரவில்லை.

சுந்தரமூர்த்தி இந்தச் சோறு வடிக்கும் வேலைக்குப் பொருந்துவார் என்று அவர் ஆடிய காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் பலகார வகை. எதிராளிகளை ஏமாற்றி நழுவும் அழகுக்காகவே பெயர் வாங்கியவர். கெடாவுக்கு ஆடியிருக்கிறார். சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்திலும் சில காலம் இருந்திருக்கிறார். 1993இல் தேசிய அரங்கில் புருணைக்கு எதிராக அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அவர் போட்ட கோலைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அப்படிப்பட்டவர் பயிற்றுநரானதும் தம் குழுவுக்குக் கற்றுக்கொடுத்தது தற்காப்பு. பின்வரிசை கலையக்கூடாது, பந்தை இழந்தால் உடனே இடத்துக்குத் திரும்ப வேண்டும், ஒரு கோல் முன்னிலை கிடைத்தால் அதைக் காக்கத் தெரிய வேண்டும். கோல் காவலர் இஸ்வான் மஹ்பூட், பைஹாக்கி கைசான், சஃபுவான் பஹாருடின், நம் மது மோகனா ஆகியோர் பின்வரிசையின் முக்கியத் தூண்கள். (இந்த இஸ்வான்தான் 2015 ஜூன் மாதம் சைத்தாமாவில் ஜப்பானை ஒரு கோலும் போடவிடாமல் திருப்பி அனுப்பியவர். உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம், 0–0. ஒருமுறை தேடிப் பாருங்கள்.) நடுத்திடலில் ஷாரில் இஷாக்கும் ஹாரிஸ் ஹாருனும்.

அந்தப் பருவத்தில் மற்றக் குழுக்களின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஜொகூர் அப்போதுதான் ஜேடிடி என்ற புதுப் பெயரோடு, புதுச் சட்டையோடு, பெரும் பணத்தோடு கிளம்பியிருந்தது. 2008இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் குழுவில் இருந்த டானி குயிசா லார்க்கினில் வந்து இறங்கினார். லயன்ஸ்12 குழுவிலோ வெளிநாட்டு வீரர் ஒருவரும் இல்லை. ஆடிய அனைவரும் சிங்கப்பூரர்கள். அவர்களில் இளையவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. மலேசியாவில் பதினெட்டு வயதில் ஒருவன் முழுநேரக் காற்பந்துக்குப் போகலாம். சிங்கப்பூர் ஆண்பிள்ளைக்கு அந்த வயதில் ஈராண்டு தேசிய சேவை காத்திருக்கிறது. உடல் வளர்ந்து ஆட்டம் கூர்மையாகும் காலம் அது. எந்தப் பயிற்றுநரும் இந்த ஈராண்டையும் கணக்கில் வைத்துத்தான் குழு அமைக்க முடியும்.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் துறைக் குழுவின் நினைவு வந்தது. ஒப்பிடத் தகாத ஒப்பீடுதான்! எங்கள் பருவம் மொத்தமே ஐந்தாறு ஆட்டம். தேர்வு வாரம் வந்தால் கோல் காவலர் நூலகத்தில் இருப்பார். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் திடலை விட்டு ஓட வேண்டும், பல நாள் அத்தோடு பயிற்சி முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ஆண்டு பாடுபட்டு ஒருவரை ஒருவர் புரிந்துகொண்ட நேரத்தில் மூத்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மாணவர் குழு என்றாலே அப்படித்தான், அது தேங்கி நிற்கும் குளமாக இருக்க முடியாது. லயன்ஸ்12 குழுவும் ஏறக்குறைய அதே விதிக்கு உட்பட்டு, அதைக் கொண்டு ஒரு நாட்டின் முழுநேர லீக்கை வென்றது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

2013 ஜனவரியில் தொடங்கிய பருவம் ஜூலைத் தொடக்கத்தில் முடிய வேண்டும். ஜூலை 2ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை இரவு, ஜாலான் புசாரில் ஃபெல்டா யுனைடெட் குழுவுடன் ஆட்டம். 1929இல் திறக்கப்பட்ட பழைய அரங்கம் அது. திருத்தி அமைத்த பிறகு சுமார் 6,000 பேர் அமரலாம், தரை செயற்கைப் புல். புல்தரைக்குப் பழகிய வெளியூர்க் குழுக்களுக்கு அங்கே பந்து துள்ளும் வேகமே பிடிபடாது என்பார்கள். அன்று 4–0. ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே பட்டம் உறுதியானது. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீட்டில் யாரும் கொண்டாடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "நாளைக்குப் பள்ளிக்கூடம், போய்ப் படு" என்றார். பயிற்றுநர் பெயரைக் கேட்டதும் பாட்டி மட்டும், "நம்ம பிள்ளையா?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டார்.

அதன் பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். சுந்தரமூர்த்தி விலகி நெகிரி செம்பிலானுக்குப் போனார். ஃபாண்டி அகமது பொறுப்பேற்றார். லீக் பட்டத்தைக் காக்க முடியவில்லை. ஆனால் 2015 மே 23ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் கிளந்தானை 3–1 என்று வென்று மலேசிய எஃப்ஏ கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், முடிவடையும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று மலேசியக் காற்பந்துச் சங்கம் முடிவு செய்தது. அவ்வளவுதான். நான்கு பருவம், ஒரு லீக் பட்டம், ஒரு கிண்ணம். குழு கலைந்தது, ஆட்டக்காரர்கள் எஸ்.லீக் கழகங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

ஒரு குழு புள்ளிப் பட்டியலில் கடைசியாக வந்து மறைந்தால் அது விளையாட்டு. கிண்ணம் வென்ற ஆண்டிலேயே ஒரு தாளில் கையெழுத்து இல்லாததால் மறைந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? மலேசியத் தரப்பில் சொல்லக்கூடிய நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. தன் நாட்டு லீக்கில் ஓர் இடத்தைப் பக்கத்து நாட்டுக்கு ஏன் ஒதுக்க வேண்டும்? அந்த இடத்தில் மலேசிய இளையர்கள் இருபது பேர் ஆடலாமே! நானும் மலேசியன்தான். ஆனால் அந்த இடம் யாருக்குப் போனது என்று பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது.

மலேசியத் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு குழு இருந்தது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மீபாவின் முயற்சியில் கீழ்ப்பிரிவிலிருந்து படிப்படியாக ஏறி, 2018 முடிவில் சூப்பர் லீக்குக்குத் தகுதி பெற்று, 2019 முதல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் ஆடியது. எல்லா இனத்தவரும் அதில் ஆடினார்கள். என்றாலும் ஆட்டக்காரர் பட்டியலில் நம் பெயர்கள் தொடர்ந்து வந்த குழு அது. பி.மணியம் பயிற்றுநராக இருந்த பிற்காலத்தில் வெளிநாட்டு வீரர்களே இல்லாமல் உள்ளூர் இளையர்களை வைத்து உயர்மட்டப் பிரிவில் தாக்குப்பிடித்தது. லயன்ஸ்12 போலவே! 2022 பருவம் முடிந்ததும் அது லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதுவும் கடைசி இடத்தில் வந்து இறங்கவில்லை.

தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்த ஒருவன் இருந்தான். காலில் காலணி இல்லாமல் செம்மண் திடலில் அவன் பந்தைக் கொண்டு போனால் ஐந்தாறு பேர் பின்னால் ஓடுவோம். இடைநிலைப்பள்ளியில் மாவட்ட அளவில் ஆடினான். எங்கள் தாத்தா காலத்தில், மலேசியக் கோலைக் காத்த ஆர்.ஆறுமுகத்தைப் பார்த்து 'நாமும் போகலாம்' என்று ஒரு பையன் நினைத்திருப்பான். என் நண்பன் நினைத்தது பெட்டாலிங் ஜெயாவை. குழு விலகியபோது எங்களுக்கு வயது பத்தொன்பது. இன்று அவன் பாசிர் கூடாங்கில் வேலை செய்கிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறான். அந்தக் குழு இருந்திருந்தால் அவனை எடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எடுக்காமலே போயிருக்கலாம். போய்க் கேட்பதற்கு ஒரு கதவாவது இருந்திருக்கும்.

பல்கலைக்கழக வாசகர்கள் என்பதால் இன்னொரு குழுவையும் குறிப்பிட வேண்டும். ஷா ஆலாமின் யுஐடிஎம் குழு 2020இல் சூப்பர் லீக்குக்கு ஏறியது. மலேசிய உயர்மட்ட லீக்கில் ஆடிய முதல் பல்கலைக்கழகக் குழு அதுதான். மாணவர்கள் மட்டுமே அதில் ஆடவில்லை, வெளிநாட்டு வீரர்களும் இருந்தார்கள். பயிற்றுநர் ஜெர்மானியரான ஃபிராங்க் பெர்ன்ஹார்ட். கொவிட் காரணமாக அந்தப் பருவம் பாதியாக வெட்டப்பட்டு ஒவ்வொரு குழுவும் 11 ஆட்டம் மட்டுமே ஆடியது. 12 குழுக்களில் ஆறாவதாக முடித்தார்கள். 2021இல் முழுப் பருவம் திரும்பியதும் கடைசி இடம்! சோறு வடிப்பது பற்றி நான் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை வகுப்பில் என் போன்றவர்கள் சேர முடியாது என்பது வேறு கதை. ஆனாலும் ஒரு மாணவர் வளாகத்தின் பெயர் அந்தப் பட்டியலில் ஆறாவது வரியில் இருந்ததைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

2013இல் பட்டம் வென்றவர்களில் ஹாரிஸ் ஹாருனின் பாதை தனி. பதினாறு வயதில் சிங்கப்பூர்த் தேசியக் குழுவுக்கு ஆடியவர். 2014இல் ஜேடிடியில் சேர்ந்தார். லயன்ஸ்12 குழுவிடமிருந்து ஜேடிடி பறித்த அந்தப் பட்டத்தை ஜேடிடி சட்டையிலேயே தூக்கினார். 2015இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் ஏஎஃப்சி கிண்ணத்தையும் அக்குழுவோடு வென்றார். பிறகு அங்கே தலைமையும் ஏற்றார். லார்க்கின் அரங்கில் ஒரு சிங்கப்பூரரின் பெயரைச் சொல்லி எங்கள் ஊர்க்காரர்கள் கத்தியதை நானே கேட்டிருக்கிறேன். என் அப்பாவும் கத்தினார்.

எஸ்.லீக் 2018 முதல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று அழைக்கப்படுகிறது. இரண்டு லீக்குகளும் பாலத்தின் இருபுறமும் தனித்தனியாக நடக்கின்றன. போன மாதம் ஓர் இரவு தேக்காவில் சாப்பிட்டுவிட்டு ஜாலான் புசார் பக்கம் நடந்து பார்த்தேன். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, பள்ளிப் பிள்ளைகள் பயிற்சி முடித்துப் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். குவீன் ஸ்திரீட் வரை நடந்து 170ஐப் பிடித்தேன்.

நம் மன்றத்தின் முன்னாள் மாணவர்களில் 2013 ஜூலை 2ஆம் தேதி அந்த அரங்கில் இருந்தவர்கள் நிச்சயம் ஒருசிலராவது இருப்பார்கள். நுழைவுச்சீட்டையோ படத்தையோ பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த ஒன்றுகூடலுக்கு எடுத்து வாருங்கள். பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.